முதல் சம்மதக் கடிதம்

முதல் அநியாயம் எழுபத்தொன்பதில் நடந்தது. பஞ்சு லாரி திரும்ப இடம் போதவில்லை என்று பூங்கோதை மில் நிர்வாகம் இந்தச் சாலையில் நின்ற பதினோரு புங்க மரங்களை ஒரே நாளில் வெட்டியது. இரண்டாவது, எண்பத்து நான்கில். மில் கேட்டுக்கு அடுத்தாற்போல் தொழிலாளர் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. ஆயிரத்து நூறு சைக்கிள் நிற்கும். அதை எடுத்துவிட்டு அதிகாரிகளின் காருக்குக் கொட்டகை போட்டார்கள். மூன்றாவது, எண்பத்தேழில். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பெண் ஒருத்தி, நூல் சுற்றும் பகுதியில் வேலை, பொன்னாத்தாள் என்று பெயர், பஞ்சு லாரியின் சக்கரத்தில் போனாள். நடக்க ஓரம் கொடு, சைக்கிள் போக வழி கொடு என்று மனுக் கொடுத்தோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நான்காவது, தொண்ணூற்றாறில் மில்லையே மூடினார்கள். ஐந்தாவது, இரண்டாயிரத்து நான்கில். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று எங்கள் பக்கம் மூன்றடியைத் தின்றுவிட்டு, மூடியில்லாத சாக்கடையை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆறாவது, பதினொன்றில். நடுவில் சுவர் மாதிரி ஒரு தடுப்பு. எதிரே கண்ணுக்குத் தெரிகிற ரேஷன் கடைக்குப் போக அரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஏழாவது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த பெஞ்சு.

சிரிக்காதீர்கள் தோழரே. நீங்கள்தானே கேட்டீர்கள்? சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு, “ரோடு ரொம்ப நல்லா இருக்குங்களே, நடக்கத் தனி, சைக்கிளுக்குத் தனி, யார் போட்டதுங்க?” என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். பதினொன்றைச் சொல்லிவிட்டு எண்பத்து நான்குக்குத் திரும்பி வந்தால் அது புலம்பல். வரிசையாகச் சொன்னால் குற்றப்பத்திரிகை.

நான் உட்கார மாட்டேன். இந்த பெஞ்சில் நான் உட்கார்ந்ததில்லை. ஒரே ஒரு தடவை உட்கார வைக்கப்பட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு இந்தக் கல் போதும். இது என்ன கல் தெரியுமா? எங்கள் சங்கத்தின் கொடிமேடைக் கல். இடித்துத் தள்ளியதில் இந்த ஒன்றை மட்டும் நான் உருட்டிக்கொண்டுவந்து போட்டேன். இந்த நடைபாதையிலும் நான் கால் வைத்ததில்லை. பேக்கரிக்குப் போவதானாலும் தார்ச் சாலையில் இறங்கித்தான் நடப்பேன். ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். “பெருசு, அதான் தனியாப் போட்டுருக்கில்ல” என்று கத்துவார்கள். கத்தட்டும்.

என் பெயர் நாச்சிமுத்து. எழுபத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்பு. எனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தவர் வாத்தியார் இல்லை, துண்டறிக்கை. சுவரில் ஒட்டிய தாளில் பசை காய்வதற்குள் நின்று படிப்பேன். பதினான்கு முறை கைதாகியிருக்கிறேன். பூங்கோதை மில் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தோரு வருடம் செயலாளர். மில் போன பிறகு இந்தத் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். இந்தச் சாலையைப் பற்றி மாநகராட்சியில் எத்தனை கோப்பு இருக்கிறதோ, அத்தனையிலும் என் கையெழுத்து இருக்கும்.

உங்களுக்கு எந்த ஊர்? பெருந்துறையா? நல்லது. அவசரம் ஒன்றும் இல்லையே? மணி நாலேகால். ஐந்து மணி வரைக்கும் இருங்கள். உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். இதோ, என் மடியில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது பாருங்கள். ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. இதை ஐந்து மணிக்கு அந்தப் பேக்கரி வாசலில் பிரித்து, உள்ளே இருக்கும் ஒரு பெயரை நான் வாசிக்கப் போகிறேன். அதற்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் உள்ளூர், பேக்கரிக்காரர் பொன்னுரங்கம் இருக்கிறார். இன்னொருவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். எங்கள் விதி அப்படி. காலையிலிருந்து ஒரு வெளியூர்க்காரருக்காகக் காத்திருக்கிறேன். கடைசியில் எதிரியின் பாதையிலேயே வந்து சேர்ந்தீர்கள்.

விதியைச் சொல்லிவிடுகிறேன். மில் காலத்திலிருந்து இருப்பது. ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்ட பிறகு, அதை ஒருவர் மீறினால், கொடிமேடையில் ஏறி அவர் பெயரை மூன்று முறை வாசிக்க வேண்டும். திட்டக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது. பெயர் மட்டும்தான். வாசிப்பவர் பெயர் எழுதிய தாளை முன்கூட்டிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்திருந்தால் வேண்டியவன் பெயரை மாற்றிவிட்டான் என்று நாளைக்கு ஒருவன் சொல்வான். பெயர் வாசிக்கப்பட்டவர் ஒரு வருடத்துக்கு எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கக் கூடாது. எண்பத்திரண்டில் இந்த விதிகளை எழுதி, மில் கேட்டில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தோம்.

நான் ஏழு பெயர் வாசித்திருக்கிறேன். மூன்றாவது பெயர் ஆறுச்சாமி. அதோ, பேக்கரி வாசலில் ஊதா நிறச் சட்டை போட்டுக்கொண்டு வடை தின்கிறானே, அவன்தான். எண்பத்தாறு வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் பின்பக்கக் கேட் வழியாக வேலைக்குப் போனான். குழந்தைக்கு ஜன்னி கண்டிருந்ததாம், மருந்துக்கு வழியில்லையாம். யாருக்குத்தான் குழந்தை இல்லை? மூன்று முறை வாசித்தேன். அன்றிலிருந்து அவனோடு நான் பேசியதில்லை. ஒரு வருடம்தான் விதி. ஆனால் எனக்குப் பேச விருப்பமில்லை. என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறான். முப்பத்தெட்டு வருடமாக அவன் முகத்தைப் பார்த்தால் நான் மேலே பார்ப்பேன்.

இன்றைக்கு இந்த உறைக்குள் இருப்பது அவன் பெயராகத்தான் இருக்கும். ஒருமுறை பின்வாசல் வழியாகப் போனவனுக்கு முன்வாசல் கண்ணுக்குத் தெரியாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏழாவது அநியாயத்துக்கு வருகிறேன். போன வருடம் சித்திரையில் மாநகராட்சியிலிருந்து உதவிப் பொறியாளர் ஒரு பெண் வந்தார். ஜெனிட்டா என்று பெயர். கையில் சுருட்டிய வரைபடம். முதலில் எங்கே போனார் தெரியுமா? எங்களிடம் வரவில்லை. மில் இருந்த இடத்தில் அதோ நிற்கிறதே அடுக்குமாடி, அங்கே போனார். அவர்களுக்குக் குளிரூட்டிய அறையில் திரைபோட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆறடி நடைபாதை, ஐந்தடி சைக்கிள் பாதை, நடுத் தடுப்பில் இரண்டு இடத்தில் வழி, ஓரத்தில் மரம், மரத்தடியில் பெஞ்சு. அவர்கள் கை தட்டிய பிறகுதான் எங்கள் பக்கம் வந்தார். எங்களிடம் கேட்டது என்ன? கருத்து இல்லை, இடம். இந்தப் பக்கம் இருபத்தாறு வீடு. எல்லாம் மில் கட்டிக்கொடுத்த வீடு. வாசற்படி மூன்றும் சாலையில்தான் இருக்கும். படியை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும், கூரைச் சரிவை வெட்ட வேண்டும். என் வீட்டு வாசலில் இருந்த கொடிமேடையை எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு சம்மதக் கடிதம் வேண்டும்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். பையிலிருந்து ஒரு பழைய தாளின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். எண்பத்தேழு மனு!

“அய்யா, இதை எங்க பழைய கோப்புல பாத்தேனுங்க. நடக்க ஓரம், சைக்கிளுக்கு வழின்னு நீங்கதான முதல்ல கேட்டிருக்கீங்க? இத வெச்சுத்தானுங்க நான் திட்டத்தையே எழுதுனேன்.”

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. எங்க ஆபீசுல எல்லாரும் வாங்கி வாங்கிப் பாத்தாங்க. யாருங்கய்யா எழுதுனது?”

“நான்தான்” என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கீழே கையெழுத்து என்னுடையதுதானே? மனு என்பது அதைப் போட்டவனுடையது. எழுதுவது வேறு. எங்கள் வீட்டில்தான் எழுதுவாள், என் மனைவி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்து அச்சடித்தது போல இருக்கும். என்னுடையது கோழி கிளறியது மாதிரி இருக்கும். நான் நடந்துகொண்டே சொல்லுவேன், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுவாள். சில சமயம் நான் சொல்லாததையும் சேர்த்து எழுதிவிடுவாள். எண்பத்தேழு மனுவில் சைக்கிள் வழி என்பதே அவள் சேர்த்ததுதான், பொன்னாத்தாள் அவளுக்குச் சினேகிதி. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விஷயம் அவளுக்குப் பிடிபடாது, எழுத்து மட்டும்தான். அன்றைக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அந்த நகலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

பொறியாளர் அம்மாவிடம் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். எண்பத்தேழில் கேட்டது யாருக்கு? ஆயிரத்து நூறு சைக்கிளுக்கு. இன்றைக்குக் கொடுப்பது யாருக்கு? காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள் தோழரே. காதில் எதையோ செருகிக்கொண்டு, முழங்காலுக்கு மேலே கால்சட்டை போட்டுக்கொண்டு, மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி வந்து நடப்பார்கள். ஒருவர் நாயோடு வருவார். அந்த நாய் எங்கள் கொடிமேடை இருந்த இடத்தில்தான் காலைத் தூக்குகிறது. உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் பெருந்துறையிலிருந்து மிதித்து வந்திருக்கிறீர்கள். அது உழைப்பு.

கேட்டபோது கொடுக்கவில்லை. கேட்டவன் செத்த பிறகு, கேட்காதவனுக்குக் கொடுக்கிறார்கள். அதுவும் எங்கள் படியை இடித்து. இதற்குப் பெயர் என்ன?

வைகாசியில் பேக்கரி வாசலில் கூட்டம் போட்டேன். எந்த வீடும் சம்மதக் கடிதம் கொடுப்பதில்லை, இது தீர்மானம். இருபத்தாறு கை உயர்ந்தது. ஆறுச்சாமியும் தூக்கினான், அதைக் கவனித்தேன். பெண்களா? அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். வீட்டுக்கு ஒரு கை என்பது எங்கள் கணக்கு, மில் காலத்திலிருந்து. எங்கள் வீட்டில் அன்றைக்குச் சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளால் படி இறங்க முடியாது அப்போது.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? கால். தொடை எலும்பு. பத்தொன்பதில், நம் பக்கத்துச் சாக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள், ரேஷன் கடைக்குப் போக. ஷேர் ஆட்டோ ஒன்று ஒதுங்க இடமில்லாமல் ஒதுங்கி, இடித்துவிட்டது. ஆபரேசன் பண்ணி உள்ளே கம்பி வைத்தார்கள். நான்கு கால் ஊன்றுகோல் ஒன்று கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கே நடப்பது? வாசல் படியை விட்டால் சாக்கடை, சாக்கடையை விட்டால் லாரி. நாலு வருடம் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கூடம்.

அதைப் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை என்கிறீர்களா? நல்ல கேள்வி. அது விபத்து தோழரே. அநியாயம் வேறு, விபத்து வேறு. சொந்த வீட்டுக் கதையைப் பொதுப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இயக்கத்தில் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அது. பொன்னாத்தாளா? பொன்னாத்தாள் தொழிலாளி.

விடுங்கள். கதை எங்கே நின்றது? தீர்மானம். இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆடி மாதம் ஒரு நாள் காலையில் மஞ்சள் நிறத்தில் ஜேசிபி வந்து நின்றது. ஓடிப் போய்க் கேட்டேன். “சம்மதக் கடிதம் வந்துருச்சுங்கய்யா” என்றார் பொறியாளர் அம்மா. யார் என்று கேட்டேன். “அத நான் சொல்லக் கூடாதுங்க, எழுதுனவங்க அப்படிக் கேட்டுக்கிட்டாங்க” என்றார். ஏதோ சொல்ல வந்து முழுங்கினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

ஒரு கடிதம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? “முதல் ஆள் குடுத்தாச்சாம், நாம மட்டும் என்னத்துக்கு?” அந்த வாரத்திலேயே பத்தொன்பது வீடு கொடுத்துவிட்டது. பின்னால் போனவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மடை திறந்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் யார்? அதுதான் எனக்கு வேண்டும்.

என் கடிதம் இல்லாமலேயே என் படியையும் கொடிமேடையையும் இடிக்க வந்தார்கள், அதிகாரம் அப்படித்தான் என்று குறுக்கே படுத்தேன். எழுபத்திரண்டு வயதில் படுத்தேன் தோழரே. கைது செய்யுங்கள் என்றேன். பதினைந்தாவது கைது. என்ன நடந்தது தெரியுமா? ஒரு போலீஸ்காரர், என் பேரன் வயது இருக்கும், என்னைக் குழந்தையைத் தூக்குவது போல அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். இந்த பெஞ்சு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது, மேலே சுற்றிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை. இதில் உட்கார வைத்து, “தாத்தா, வெயில் ஜாஸ்தியா இருக்கு, தண்ணி குடிங்க” என்றார். வழக்கும் இல்லை, வண்டியும் இல்லை. பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. பதினான்கு முறை என் பெயரைக் கேட்டு எழுதிய காவல் துறை!

எங்கள் வீட்டில் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரவுச் சோற்றைப் போட்டுவிட்டு, “அடி ஒண்ணும் படலியேங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன்.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். முதல் சம்மதக் கடிதத்தின் நகல் வேண்டும். மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தேன். ஒரு வருடம் ஆயிற்று. எல்லாம் அவள் கையால் எழுதியதுதான். “முதல் கடிதம்” என்று நான் சொல்லும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி என்னைப் பார்ப்பாள். “எழுது புள்ள” என்பேன், எழுதுவாள். என் கையெழுத்துக்குத் தாமதமே இல்லை, ஏற்கெனவே தயார். அது எங்கள் பழக்கம். திடீரென்று பிடித்துக்கொண்டு போவார்கள், நாலு நாள் உள்ளே இருக்க வேண்டும், அதற்குள் மனுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் இருபது வெள்ளைத் தாளில் கீழே கையெழுத்துப் போட்டு, பெட்டியில் வைத்திருப்பேன். குறைந்தால் மறுபடி போட்டு வைப்பேன். எண்பத்திரண்டிலிருந்து ஒரு நாள்கூட அந்தப் பெட்டி காலியாக இருந்ததில்லை. இன்றைய பையன்களுக்கு இந்த முன்யோசனை உண்டா?

நேற்று முன்தினம் இந்த உறை வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவளே அவள்தான். மேசை மேல் வைத்துவிட்டு, “பிரிச்சுப் பாக்கலீங்களா?” என்றாள். விதி உனக்குத் தெரியாதா என்றேன். “தெரியுமுங்க. அஞ்சு மணிக்கா?” ஐந்து மணிக்கு. “நானும் வர்றனுங்க.” நீ எதற்கு என்றேன். உறையை மேசை நடுவுக்கு நகர்த்திவைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதோ, அந்தக் கோடியிலிருந்து நான்கு கால் கோலை ஊன்றிக்கொண்டு ஒருத்தி வருகிறாளே, அவள்தான். பாதை போட்டதிலிருந்து தினமும் நாலரை மணிக்கு இறங்கிவிடுகிறாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, திரும்ப இந்தக் கோடி. ரேஷன் கடைக்கும் அவளே போய்விடுகிறாள். டாக்டர் சொன்னதற்காக நடக்கிறாள், வேறு ஒன்றுமில்லை. நான் தடுக்கவில்லை. தீர்மானம் கடிதம் கொடுக்கக் கூடாது என்றுதான், நடக்கக் கூடாது என்று இல்லை. எதிர்த்தாற்போல் நான் தார்ச் சாலையில் நடந்துபோனால், “மேல வந்து நடங்க, லாரி வருதுங்க” என்பாள். நான் காதில் வாங்குவதில்லை.

மணி ஐந்து. வாருங்கள் தோழரே. வண்டியை உருட்டிக்கொண்டே வாருங்கள். நான் கீழேதான் நடப்பேன்.

பொன்னுரங்கம்! ரேடியோவை நிறுத்து. எல்லோரும் வந்தாயிற்றா? இவர் பெருந்துறைக்காரர், வெளியூர்ச் சாட்சி. இந்த ஊரில் யாரையும் இவருக்குத் தெரியாது. தெரியாதுதானே? சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கும்படி. சரி. இதோ உறை, ஒட்டியது பிரியவில்லை. பொன்னுரங்கம், நீ பார். நீங்களும் பாருங்கள். பார்த்தாயிற்றா?

என்ன ஆறுச்சாமி சிரிக்கிறான்? என்ன சொல்கிறான்? “மேடை இல்லியேங்க, எது மேல ஏறி வாசிப்பீங்க?” என்கிறானா? தரையில் நின்று வாசிப்பேன் என்று சொல்லு பொன்னுரங்கம். நான் அவனோடு பேசுவதில்லை.

பிரிக்கிறேன். இரண்டு தாள். மேலே இருப்பது அலுவலகக் குறிப்பு, அது வேண்டாம். இதுதான் கடிதம். முழுவதும் வாசிக்கிறேன், பெயர் கடைசியில் வரும்.

“பெறுநர், மாநகராட்சி ஆணையர் அவர்கள். பொருள்: பூங்கோதை மில் சாலை, கதவு எண்…”

கொஞ்சம் இருங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

“கதவு எண் பதினான்கு. முன்படிகள் மூன்றையும் கொடிமேடையையும் அகற்றச் சம்மதம் தெரிவித்தல் தொடர்பாக. பார்வை: எண்பத்தேழாம் ஆண்டு நான் எழுதிய மனு.”

நான் எழுதிய மனு.

பதினான்கு என் வீடுதான் தோழரே. உங்களுக்குத் தெரியாது. இவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாசிக்கிறேன். வாசிக்கத்தான் வேண்டும்.

“அய்யா, வணக்கம். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் என் சினேகிதி பொன்னாத்தாள் இந்தச் சாலையில் இறந்தபோது, நடக்க ஓரமும் சைக்கிளுக்கு வழியும் கேட்டு எழுதினேன். பத்தொன்பதில் அதே சாலையில் என் கால் முறிந்தது. நாலு வருடமாக நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இப்போது கொடுக்க வந்திருக்கிறீர்கள். காலம் கடந்துதான் வந்திருக்கிறீர்கள். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. படியை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடக்க வேண்டும். இப்படிக்கு…”

கீழே இருப்பது என் கையெழுத்து.

பொய்க் கையெழுத்து இல்லை. சாட்சிகள் பாருங்கள், த. நாச்சிமுத்து. நான் போட்டதுதான். பெட்டியிலிருந்த தாள். மேலே இருக்கும் எழுத்து யாருடையது என்று கேட்காதீர்கள். கேட்கவும் தேவையில்லை. இந்தத் தெருவில் குழந்தைக்குப் பள்ளிக்கூட விண்ணப்பம் எழுதி வாங்காத வீடு எது, இந்தக் கையால்?

பொன்னுரங்கம், கையைப் பிடிக்காதே. எனக்கு ஒன்றுமில்லை. விதி விதிதான். கடிதத்தின் கீழே யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரை மூன்று முறை வாசிக்க வேண்டும். ஒரு வருடம் நான் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. திறக்க மாட்டேன். ஏழு பேருக்கு விதித்ததை எனக்கு விதித்துக்கொள்ளாவிட்டால் நான் யார்? எட்டாவது பெயர். வாசிக்கிறேன். எல்லோரும் கேளுங்கள்.

இந்தா, நீ ஏன் முன்னால் வருகிறாய்? கூட்டம் நடக்கிறது. ஓரமாக உட்காரு. பொன்னுரங்கம், அவளுக்கு நாற்காலி போடு.

நாற்காலி வேண்டாமாம். நின்றுகொண்டே சொல்கிறாளாம். தோழரே, நீங்கள் சாட்சி, உங்களுக்குக் கேட்க வேண்டும், அவள் மெதுவாகப் பேசுகிறாள், நான் திருப்பிச் சொல்கிறேன். “கீழ இருக்கற பேர வாசிக்காதீங்க” என்கிறாள். “நாப்பது வருசமா அந்தப் பேரத்தான எழுதிக் குடுத்தேன். அது போதுமுங்க. இன்னைக்கு எழுதுனவ பேர வாசிங்க.”

இது மரியாதை இல்லை, இது தண்டனை. உனக்குத் தெரிகிறதா? பெயரை வாசித்தால் ஒரு வருடம் நீ கூட்டத்தில் பேசக் கூடாது.

“இது வரைக்கும் என்னத்தப் பேசிட்டனுங்க?” என்கிறாள்.

சிரிக்காதீர்கள்! யாரும் சிரிக்கக் கூடாது. இது பெயர் வாசிக்கும் இடம். ஏ புள்ள, விதி தெரியாமல் பேசாதே.

“விதிய எழுதுனதே நாந்தானுங்களே. கேட்டுல கண்ணாடி போட்டு மாட்டியிருந்தீங்க. வரி வரியாத் தெரியுமுங்க. கையெழுத்துப் போட்டவன்னு எங்கயும் எழுதல. தீர்மானத்த மீறுனவங்கன்னுதான் எழுதியிருக்கேன். மீறுனது நான்.”

அப்படித்தான் எழுதியிருந்தது. ஆமாம். அப்படித்தான்.

என்னைக் கேட்டு எழுதியிருக்கலாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, என்கிறேன். அதற்கு இவள் என்ன சொல்கிறாள் பாருங்கள். “நீங்க என்னைக் கேட்டுத்தான் கை தூக்குனீங்களா?”

சரி. சரி. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு முடிவுக்கு வர வேண்டும். சாட்சிகள் தயாரா? பொன்னுரங்கம்? நீங்கள்?

எத்தனையோ பெயரை வாசித்த வாய் இது. ஐம்பது வருடம் ஒரே வீட்டில். இந்தா என்பேன், புள்ள என்பேன். வெளியே யாரிடமாவது சொல்வதானால் எங்கள் வீட்டில் என்பேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

என்ன சொல்கிறாய்? கேட்டதா தோழரே? “பேரு ஞாபகம் இருக்குங்களா?” என்று கேட்கிறாள். இத்தனை பேர் நடுவில்.

இருக்கிறது.

பூங்கோதை மில் சாலைக் குடியிருப்போர் ஒருமனதாகப் போட்ட தீர்மானத்தை மீறி, முதல் சம்மதக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர், கதவு எண் பதினான்கு, சாரதாமணி.

பின்னால் யார் அது? ஆறுச்சாமியா? “கேக்கலீங்ணா. எம் பேர அன்னைக்குச் சங்கு ஊதுன மாதிரி வாசிச்சீங்களே, அக்கா பேர மட்டும் முனகுறீங்க?”

முனகவில்லை ஆறுச்சாமி. வழி விடு. அந்த நடைபாதை கொஞ்சம் உயரமாக இருக்கிறது, அதன் மேல் ஏறிக்கொள்கிறேன். கையைக் கொடு. மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பது விதி, இன்னும் இரண்டு பாக்கி. கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டும்.

சாரதாமணி!

சாரதாமணி!